சூளையில் காய்ந்த பிளக்

பெண்ணாடம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டிலிருந்த டாக்ஸி டிரைவர், பக்கத்திலிருந்த பெரியவரிடம் உரக்கச் சொன்னார்.

"நேத்து கார் ஸ்பார்க் பிளக்கைப் பீங்கான் சூளையில காயவெச்சேங்க!"

"அடப்பாவி! எதுக்குப்பா?"

"கல்யாண மாப்பிள்ளையை ஏத்திக்கிட்டு வரேன், ஓடையைத் தாண்டறப்போ தண்ணி எஞ்சினுக்குள்ள பூந்துடுச்சு. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரந்தான் இருக்குது. பிளக்கைக் கழட்டினேன். உள்ள இருக்கிற தண்ணி வெளியேறட்டும்னு மாப்பிள்ளையே முன்னாடி ஹாண்டிலைச் சுத்தினாரு. பிளக் ஓட்டையிலேருந்து கறுப்புத் தண்ணி பீச்சி அவரு மூஞ்சியில அடிச்சுது! நான் ஈர பிளக்கை எடுத்துக்கிட்டு பக்கத்துப் பீங்கான் சூளைக்கு ஓடினேன்."

"சூளைக்காரன் உன்னை உள்ள விட்டானா?"

"'பிளக்கோட இந்த வெள்ளைப் பாகமும் பீங்கான்தானே, சூட்டுக்குப் பயப்படாது'ன்னு அவரே வாங்கி வெச்சாருங்க. காஞ்சதும் மாட்டினேன். ஒரே சுத்து, கிளம்பிடுச்சு!"

"தாலி?"

"நேரத்துக்குக் கட்டிட்டாரு, அந்தக் கரி மூஞ்சியோட! பொண்ணு தலையே குனியலீங்க. அவரையே பாத்துச் சிரிச்சிக்கிட்டு இருந்துச்சு."