பாடையில் கண் திறந்தவர்

கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் போகும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் இருந்த பெரியவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெளியூர்க்காரரிடம் சொன்னார்:

“போன பங்குனியில என்னைப் பாடையில தூக்கிட்டுப் போனப்ப, கண்ணைத் திறந்து பாத்துட்டேங்க.”

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

“பாடையிலயா?” என்றார் வெளியூர்க்காரர்.

“நேர்த்திக்கடன்ங்க. நெஞ்சுவலியில பொழைச்சா பாடைக்காவடி எடுக்கறேன்னு மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். கைகாலைக் கட்டி, நெத்தியில காசு வச்சு, பொணம் மாதிரியே கோயிலுக்குத் தூக்கிட்டுப் போவாங்க. அசையக் கூடாது. ஆனா தலைமாட்டுல யாரோ தேம்பற சத்தம் கேட்டுச்சு.”

“சும்மா அழுவுற மாதிரி செய்வாங்களோ?”

“இது அப்படி இல்லீங்க. பாத்தா என் தம்பி! வாய்க்கா தண்ணித் தகராறுல பதினோரு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. ஆஸ்பத்திரிக்குக்கூட வரல. பாடையைத் தோள்ல வச்சுக்கிட்டு ஏங்கி ஏங்கி அழுவுறான்.”

“கண்ணைத் திறந்தது சாமி குத்தம் ஆயிடாதா?”

“செத்தவனுக்குத் தெரியாதுங்க, யாரு நெசமா அழுதாங்கன்னு. ஆத்தா எனக்கு உசுரையும் குடுத்து, அதையும் காட்டிட்டா. அதுக்குத்தான் இந்த வருஷம் மாவிளக்கு போடப் போறோம்.”

கண்டக்டர் விசில் அடித்தார். கும்பகோணத்திலிருந்து வாயே திறக்காமல், மாவிளக்குத் தூக்கை மடியில் வைத்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, பெரியவரின் கையைப் பிடித்தார்.

“இன்னும் எத்தனை பேருகிட்டதான் சொல்லுவ? மெதுவா எறங்குண்ணே.”