பேச ஆளில்லன்னா மூடிடுவாங்க

— எழுந்திரிடி பாப்பா. யாரும் வரப்போறதில்ல.

— வருவாங்கம்மா. பஸ் லேட்டா இருக்கும்.

— எல்லாருக்குமா லேட்டு? பாலத்துல செத்தவங்க வீட்டுலருந்து ஒரு ஈ காக்கா இல்ல பாரேன். நீயும் நானும் இந்த பெஞ்சும்தான்.

— பத்திரிகைக்காரங்களாவது வருவாங்க. பாலம் விழுந்தப்ப நம்ம வாசல்ல கால் வைக்க இடமில்லாம நின்னாங்களே.

— இந்தாம்மா, அவங்களும் வரமாட்டாங்க. ஆஸ்பத்திரி மருந்துல புது ஊழல் வெடிச்சிருக்கில்ல? கேமராவெல்லாம் அங்க போயிடுச்சு. உங்களது பழசு.

— பியூன் ஐயா, எங்கண்ணன் செத்தது உங்களுக்குப் பழசா?

— நான் சொல்லலம்மா, ஊரு சொல்லுது. கதவைத் திறக்கறதும் சாத்தறதும்தான் என் வேலை. நீதிபதி டீ குடிச்சிட்டு வந்ததும் கூப்பிடுறேன். இன்னைக்குப் பேச ஆளில்லன்னா விசாரணை முடிஞ்சுதுன்னு மூடிடுவாங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.

— கேட்டியாம்மா? மூடிட்டா என்ன எழுதுவாங்க தெரியுமா? வெல்டர் அவசரப்பட்டுத் தாங்கு கம்பியைக் கழட்டினான், அதான் பாலம் விழுந்துச்சுன்னு. அண்ணன் மேலயே பழி.

— எழுதிட்டுப் போறாங்க. என்னத்த, அவன் எந்திரிச்சு வந்து படிக்கப் போறானா?

— நான் படிப்பேன்ல! நம்ம வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்சவ நான் ஒருத்திதான். மிதிக்க வெச்சது அவன்.

— கத்தாதடி. உள்ள கேக்கும்.

— கேக்கட்டும். சாகறதுக்கு முதல் நாள் போன்ல என்ன சொன்னான்? ‘பாப்பா, தூணைக் கையால தேய்ச்சா மண்ணா உதிருது. இன்ஜினியர்கிட்ட காட்டினேன், மேல பூசி மறைச்சிடுன்னுட்டாரு.’ என்கிட்ட மட்டும்தான் சொன்னான். நான் வாயைத் திறக்கலன்னா வேற எவ திறப்பா?

— நீ சொன்னா பாலத்துல காசு அடிச்ச மந்திரி ஜெயிலுக்குப் போயிடுவாரா?

— மாட்டாரு. அவ்வளவு பேராசை எனக்கில்ல. அந்த இன்ஜினியராவது பதில் சொல்லட்டும். ஒருத்தன், ஒரே ஒருத்தன், தலைகுனிஞ்சு ‘ஆமா, என் தப்பு’ன்னு சொல்லி நான் பாக்கணும்.

— உன் வேலை போயிடும்டி.

— ஏன் போகும்? லீவு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். பரீட்சை எழுதி வாங்கின சர்க்கார் வேலைம்மா அது. எவனும் பிச்சை போடல.

— பரீட்சையால மட்டும் வந்ததில்லடி அது.

— என்னம்மா சொல்ற?

— அந்த மந்திரியோட ஆளு வீட்டுக்கு வந்தாரு. நீ பரீட்சைக்குப் போறதுக்கு முன்னாடி. ‘பொண்ணு படிச்சிருக்காமே, ஒரு ஆபீஸ்ல உட்கார வெச்சிடலாம்’னாரு.

— எதுக்காம்?

— விசாரணைப் பக்கம் மட்டும் வரக் கூடாதுன்னாரு. தலையாட்டிட்டேன்.

— அம்மா...

— ஒரு பிள்ளையைத்தான் வெயில்ல பறிகொடுத்தேன். இன்னொண்ணாவது நிழல்ல உட்காரட்டும்னு நினைச்சேன். தப்பா சொல்லு.

— பாலத்துல செத்த கொத்தனார் அண்ணன் பொண்டாட்டி அந்த ஆளுகிட்ட வீட்டுமனை வாங்கிக்கிட்டாங்கன்னு, ‘புருஷனை வித்துட்டீங்களே’ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டேன்மா. சிரிச்சாங்க. என் வேலை இப்படி வந்ததுன்னு அவங்களுக்குத் தெரியுமா?

— தெருவுக்கே தெரியும். உனக்குத்தான் தெரியாது.

— அப்ப ஆபீஸ்லயும் தெரியும். அதான் மத்தியானம் ஒருத்தரும் என் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடறதில்ல. நான் ஒரு மடச்சி, நான் படிச்ச படிப்பைப் பார்த்துப் பொறாமைன்னு நினைச்சிக்கிட்டிருந்தேன்.

— இந்தாம்மா, ஐயா வந்து உட்கார்ந்துட்டாரு. சாட்சி இருக்கா, கதவைச் சாத்திடவா?

— இருங்க.

— பாப்பா, வேணாம்டி. வீட்டுக்குப் போயிடலாம். உன் கால்ல வேணா விழறேன்.

— என்கூட உள்ள வர்றியா?

— நான் எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு வருவேன்?

— சரி. இங்கயே உட்காரு. பியூன் ஐயா, உள்ள முதல்ல என்ன கேப்பாங்க?

— இந்த ஊழல்ல யார் யாருக்கு லாபம், பேரைச் சொல்லுன்னு கேப்பாங்கம்மா.

— எழுதிக்கச் சொல்லுங்க. முதல் பேரு என்னோடது.