வாங்கில இருந்தவர்

— விடு பிள்ளை கையை. படத்தைக் கீறினவன் நான். கழட்டுறதும் நான்தான்.

— அங்கிள், கிழிஞ்சிடும்! அந்தப் பின்னையாவது எடுக்க விடுங்க. என்ன ஆச்சு உங்களுக்கு? இன்னும் ஒரு மணி நேரத்துல கண்காட்சிக்கு ஆளுங்க வந்துடுவாங்க. ஸ்ட்ராத்ஃபீல்ட்ல பாதிப் பேரைக் கூப்பிட்டிருக்கேன்னு நம்ம டிராயிங் டீச்சர் மோனிகா மெசேஜ் போட்டிருக்காங்க.

— வரட்டும். வந்து வெறுஞ் சுவரைப் பாக்கட்டும். சூசைதாசன்ட படங்கள் எங்கையெண்டு கேட்டால், மனுசன் பென்சிலை எறிஞ்சுபோட்டு வீட்டை போயிட்டார் எண்டு சொல்லு.

— மூணு மாசமா ஒரே மேஜையில உக்காந்து வரையறோம். ஒரு நாளும் நீங்க இப்படிக் கத்தி நான் கேட்டதில்ல.

— உனக்கென்ன தாரிணி, நீ உன்ர இடது கையைத்தானே படமாய்க் கீறினாய். கை ஓடாது. கை மெயிலும் போடாது.

— மெயிலா? யார் போட்டா?

— இந்தா போன். வாசி. மூண்டு நாளாய் நானும் இதைத்தான் வாசிச்சுக்கொண்டிருக்கிறன். மனுசி ஞானமலருக்கும் காட்டேல்லை.

— பேஸ்பால் கிளப்ல இருந்து வந்திருக்கு... நீங்க மேட்சுக்கு வர்றது சந்தோஷமாம், நன்றியாம். நல்லாத்தானே எழுதியிருக்காங்க?

— கீழ போ. நஞ்சு கீழதான் கிடக்கு.

— தன்னை வரையறது சங்கடமா இருக்குன்னு ஒரு பிளேயர் சொல்லியிருக்காராம். அதனால இனிமே மேட்ச் நடக்கிறப்ப வரைய வேண்டாமாம். இதுவரைக்கும் வரைஞ்சதையும் வெளியில வைக்காம இருந்தா நல்லதாம். அட, என்னங்க இது! முகத்தையே நீங்க வரையறதில்லையே!

— அதைத்தான் நானும் கேக்கிறன்! தொப்பி இருக்கும், தொப்பிக்குக் கீழ ஒண்டும் இராது. முகம் கீற எனக்கு வராது பிள்ளை, வந்தால்தானே கீறுறதுக்கு? நான் என்ன களவெடுத்தனானே? ஒளிச்சிருந்து பாத்தனானே? எல்லாருக்கும் தெரியத்தானே கதிரையைப் போட்டு இருந்தனான். அரைவாசிப் பேர் வந்து எட்டிப் பாத்துச் சிரிச்சுப்போட்டும் போனவங்கள்.

— யாருன்னு பேர் போடலையே.

— போடமாட்டினம். அதுதான் எனக்கு நெஞ்சைப் போட்டு அரிக்குது. ஆர் எண்டு தெரிஞ்சால் போய் மன்னிப்பாவது கேக்கலாம். இப்ப பதினெட்டுப் பேரையும் ஒவ்வொருத்தராய் நினைச்சு, இவனாய் இருக்குமோ அவனாய் இருக்குமோ எண்டு நித்திரையும் இல்லை.

— உக்காருங்க முதல்ல. தண்ணி குடிங்க.

— தண்ணி வேண்டாம். பதினொரு ஞாயிறு பிள்ளை! காலமைப் பூசை முடிய ஞானமலரை வீட்டில இறக்கிப்போட்டு, நேர பிளாக்டவுன் கிரவுண்டுக்குத்தான். மழை தூறின அண்டைக்கும் போனனான், குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில வைச்சுக்கொண்டு கீறினனான். இருபத்தாறு வருசம் பாண் சுடுற ஃபாக்டரியில மெசினுக்கு முன்னால நிண்டவன் நான். வேலையை விட்ட பிறகு குசினிக்கும் ஹோலுக்கும் நடந்து நடந்து மனுசிக்கு விசர் பிடிச்சிட்டுது. அவதான் என்னைக் கேக்காமல் இந்த வேர்க்‌ஷொப்பில என்ர பேரைக் குடுத்தவ. முதல்நாள் மோனிகா ஒரு கரித்துண்டைக் கையில தந்தா பார், வீட்டை போகேக்க ஸ்டேரிங் முழுக்கக் கறுப்பு. அண்டைக்கு நான் எவ்வளவு சந்தோசமாய் இருந்தனான் தெரியுமே.

— தெரியும் அங்கிள். மூக்கு மேலயும் கறுப்பு இருந்துச்சு. நான்தான் சொல்லலை.

— சும்மா இரு. சிரிக்கிற நிலையில நான் இல்லை.

— சரி, நான் கேக்கணும்னே இருந்தேன். எதுக்கு பேஸ்பால்? நம்ம ஆளுங்க எல்லாம் பக்கத்து கிரவுண்ட்ல கிரிக்கெட் ஆடுறாங்களே.

— கிரிக்கெட் எண்டால் நான் ஸ்கோரைப் பாப்பன். இவன் ஏன் உந்தப் பந்தை விட்டவன் எண்டு கத்துவன். கை கீறாது. பேஸ்பாலில எனக்கு ஒரு மண்ணும் விளங்காது. ஏன் ஓடுறான், ஏன் நிக்கிறான், எல்லாரும் ஏன் துப்பிக்கொண்டு நிக்கிறாங்கள், ஒண்டும் தெரியாது. விளங்காதபடியால் கண் உடம்பை மட்டும் பாக்கும். பந்து எறியிறவன் ஒரு காலைத் தூக்கி, ஒரு கணம் அந்தரத்தில நிண்டு, முழு உடம்பையும் முன்னால விழுத்துவான். நான் கண்ட வடிவுகளில அது ஒண்டு. அந்த ஒரு கணத்தைப் பேப்பரில பிடிச்சால் காணும், அது போதும் எண்டுதான் ஆசைப்பட்டனான்.

— பிடிச்சிட்டீங்களா?

— எங்க பிடிச்சது! இதைப் பார். மனுசனே இது? கால் உடைஞ்ச மேசை. மோனிகா நல்ல பண்பாய்த்தான் சொன்னவ, தகரத்தில வெட்டின ஆக்கள் மாதிரி இருக்கு எண்டு. இருநூறு படம்! இருநூறும் தகரம்!

— எனக்கு நல்லாத்தான் இருக்கு. உண்மையைச் சொல்லணும்னா நான் இன்னைக்குச் சீக்கிரம் வந்ததே இதைப் பாக்கத்தான். எங்க வீட்டுக்காரர் இதுல இருக்கார்.

— என்ன? உன்ர மனுசன் அந்த டீமிலையோ விளையாடுறார்?

— ஆமா, கௌரிசங்கர். நீல சட்டை டீம்தானே? பிளாக்டவுன்தானே? ரெண்டு வருஷமா ஆடுறார். உங்க போர்டுல நீல சட்டையைப் போன சனிக்கிழமைதான் கவனிச்சேன். எனக்கு ஞாயித்துக்கிழமை எப்பவுமே ஆஸ்பத்திரி டியூட்டி, ஒரு மேட்ச் கூடப் பாத்ததில்ல. ஆனா ராத்திரி சாப்பிடுறப்ப முழுக் கமெண்டரியும் எனக்குத்தான். எந்தப் பந்தை எப்படிப் பிடிச்சார், யாரை எப்படி அவுட் பண்ணினார்னு குழம்புக் கரண்டியை வச்சே நடிச்சுக் காட்டுவார். கேட்டுக் கேட்டே எனக்கு ரூல்ஸ் எல்லாம் அத்துப்படி. மூணாவது பேஸ்ல நிப்பார்.

— மூண்டாவது எண்டால் எது பிள்ளை?

— அடிக்கிறவர் ஓடி வர்ற மூணாவது மூலை. அடிக்கிறவருக்கு இடது பக்கம்.

— இடது பக்கமோ? அதில சிவத்தத் தாடிக்காரன் ஒருத்தன் நிப்பான். உயரமான வெள்ளைக்காரன்.

— மாத்தி மாத்தி நிப்பாங்களா இருக்கும்.

— இருக்கும், இருக்கும். எனக்கு உது விளங்காதெண்டு சொன்னனான்தானே. ஆனால் அந்த டீமில எங்கட தமிழ் ஆள் ஒருத்தரையும் நான் காணேல்லையே. நீ வேணுமெண்டால் தேடிப் பார். கழட்டினதெல்லாம் இந்தப் பேப்பர்க் கட்டுக்குள்ள கிடக்கு.

— நடுவுல இந்தப் பத்துப் பன்னெண்டை மட்டும் ஏன் கழட்டாம விட்டிருக்கீங்க?

— அது மோனிகா தன்ர கையால குத்தினது. அதைப் பாத்தால்தான் எனக்கு இன்னும் கோவம் வருது. ஓடுறவன், பாயிறவன், எறியிறவன் எல்லாம் விறைச்சுப் போய் நிக்கிறான். வாங்கில சும்மா இருக்கிற ஒருத்தர் மட்டும் உயிரோட இருக்கிறாராம். இதுதான் உன்ர வேலை சூசை எண்டு சொல்லிப்போட்டா.

— வாங்குன்னா?

— பெஞ்ச், பெஞ்ச். ஆட்டத்துக்கு இறக்காத ஆக்கள் இருக்கிற இடம். இந்த மனுசன் பாவம் பிள்ளை. உடுப்புப் போட்டு, தொப்பி போட்டு, எல்லாருக்கும் முதல் வந்து நிப்பார். பதினொரு ஞாயிறும் ஒருக்காலும் இறக்கேல்லை. வேற ஆளெண்டால் கோவிச்சுக்கொண்டு போயிருப்பான். இவர் தண்ணிப் போத்தலை நிரப்புவார், பந்தைப் பொறுக்குவார், மண்ணை வாருவார். இஞ்ச பார், முழந்தாளில நிண்டு ஓடி வந்து மிதிக்கிற அந்த வெள்ளைக் கட்டையை நிலத்தில அமத்திறார்.

— முட்டி போட்டா?

— ஓம். ஒவ்வொரு கிழமையும் அவர்தான். எழும்பேக்க முழந்தாள் ரெண்டும் செம்மண்ணாய் இருக்கும். ஏன் பிள்ளை?

— ஒண்ணுமில்ல. இதுல என்ன எழுதுறார்?

— ஸ்கோர் கொப்பி. இடக்கையால எழுதுவார். எழுதேக்க நாக்கின்ர நுனி வெளியில வரும். முகம் கீறத் தெரியாததால அதைக் கீறேல்லை.

— ஆமா. வரும்.

— என்ன?

— இது என்ன படம்? ஹெல்மெட் போட்டிருக்காரே. ஆடியிருக்கார்ல? பேட் கையில இருக்கே அங்கிள்!

— அதைக் கேளாதை. ஒரேயொரு நாள் எழும்பச் சொன்னவங்கள். அடுத்தது நீதான் எண்டு. ஹெல்மெட்டைப் போட்டு, பேட்டைத் தூக்கி, ரெண்டுதரம் வீசிப் பாத்தார். நானும் பேப்பரை மாத்திக்கொண்டு தயாராய் இருந்தனான். அவருக்கு முன்னால நிண்டவன் அவுட். மட்ச் முடிஞ்சுது. ஹெல்மெட்டைக் கழட்டி, உள்பக்கத்தைத் துடைச்சு, பையுக்குள்ள வைச்சார். அந்தத் துடைக்கிறதைத்தான் கீறினனான்.

— இது எந்த ஞாயிறு?

— மூலையில திகதி போட்டிருக்கிறன். இப்ப ஒரு மாசமிருக்கும்.

— அன்னைக்கு ராத்திரி ரெண்டு ரன் அடிச்சேன்னு சொன்னார். நான் கேசரி கிண்டினேன்.

— ஆர் சொன்னது? தாரிணி? ஏன் பிள்ளை அழுறாய்?

— வாராவாரம் அந்த பேன்ட்டை நான்தான் அங்கிள் ஊற வச்சுத் துவைக்கிறேன். முட்டியில செம்மண் போகவே போகாது. பேஸுக்கு வழுக்கிக்கிட்டுப் போய் விழுந்தேன்பார். நான் பேக்கிங் சோடா போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு... இது சங்கர். எங்க வீட்டுக்காரர்.

— மாதாவே. இவரோ? இவர் தமிழ் ஆளோ? நான் பிஜிக்காரர் எண்டெல்லோ நினைச்சனான்! என்னோட இங்கிலீசிலதான் கதைச்சவர்.

— உங்ககிட்ட பேசியிருக்காரா?

— ஒருக்கா. நான் சொல்லலாமோ தெரியேல்லை.

— சொல்லுங்க அங்கிள். இனிமே என்ன இருக்கு?

— ரெண்டு கிழமைக்கு முன்னம், மட்ச் முடிஞ்சு நான் கதிரையை மடிக்கேக்க வந்தவர். படங்களை ஒவ்வொண்டாய்ப் பாத்தார். தன்னைத்தான் கீறியிருக்கு எண்டு தெரிஞ்சுபோட்டுது. பிறகு மெல்லமாய்க் கேட்டார், தான் பந்தை அடிக்கிறமாதிரி ஒண்டு கீறித் தர ஏலுமோ எண்டு. ஒண்டு காணுமாம். வீட்டில காட்டவாம்.

— வரைஞ்சு குடுத்தீங்களா?

— இல்லை. நான் ஒரு மடையன். கண்ணால காணாததைக் கீறக்கூடாது எண்டு மோனிகா முதல் வகுப்பில சொன்னதைப் பெரிய வேதவாக்கு மாதிரிச் சொல்லிப்போட்டன். நோ வொரிஸ் எண்டு சிரிச்சுப்போட்டுப் போனார். போய் மண்ணை வாரினார். நானும் அதையே கதிரையை விரிச்சுப்போட்டு இருந்து கீறினன், பாவி.

— அங்கிள், அந்த மெயில் என்னைக்கு வந்துச்சு?

— புதன். விடியக்காலமை.

— செவ்வாய்க்கிழமை ராத்திரி நான்தான் அவர்கிட்ட சொன்னேன். எங்க கிளாஸ்ல ஒரு அங்கிள் உங்க டீமை வரையறார், சனிக்கிழமை எல்லாத்தையும் சுவத்துல மாட்டறாங்க, நீங்க மூணாவது பேஸ்ல நிக்கிறதை முதல்முறையாப் பாக்கப் போறேன்னு. சாப்பாட்டைப் பாதியில வச்சிட்டு எழுந்து போயிட்டார். நான் ஏதோ ஆபீஸ் டென்ஷன்னு நினைச்சேன்.

— அப்ப... விலகு பிள்ளை. விலகு. நான் முழுதையும் கழட்டிச் சுருட்டி வைக்கிறன். ஒருத்தரும் பாக்கவேண்டாம். நீயும் பாக்கேல்லை, நானும் காட்டேல்லை. மோனிகாவுக்கு நான் ஏதும் சொல்லிச் சமாளிக்கிறன்.

— வேணாம் அங்கிள், தொடாதீங்க. மெயில் போடச் சொன்ன ஆளு என்னைக் கொண்டுவந்து விட்டுட்டு வெளியில கார்லதான் உக்காந்திருக்கார், உள்ள வரமாட்டேங்கிறார். நான் போய் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றேன்.