ஏழாம் படுக்கைக்குப் பசிக்கிறது

பழைய லேப்டாப்பை யாரும் தூக்கிப் போடக் கூடாது சார், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் சிரித்தால் மன்னியுங்கள். மூன்று நாளாகக் கால் தரையில் பாவவில்லை.

ஆஸ்பத்திரி வார்டில் நர்சுகள் எல்லோரும் சேர்ந்து எழுதும் நோயாளிக் குறிப்பு ஆப் அது. நெட் போனாலும் எழுதியது போகாது. ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பிரவுசரும் தனக்கென்று ஒரு பிரதி வைத்திருக்கும். நெட் வந்ததும் பிரதிகள் ஒன்றுசேரும். கடைசியாக எழுதியது எதுவோ அது ஜெயிக்கும். அந்தப் பகுதி முழுக்க என் கை. எட்டு மாதம். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். எழுதினால் அழியாமல் எழுதவேண்டும் என்று ஒரு வெறி.

டீம் லீடர் சொன்னார்: "ஏம்மா, பிரவுசர்ல சேத்து வைக்கிறதெல்லாம் ஒரு வேலையா? டெமோவுல நான் பேசிக்கிறேன். நீ ஓரமா நின்னு தண்ணி பாட்டில் எடுத்துக் குடு."

டெமோ நடந்த வார்டிலேயே ஓரமாக நின்று கொடுத்தேன். பையில் பழைய லேப்டாப்பும் இருந்தது. பத்து நாளாக அதற்கு நெட் காட்டவில்லை. அதன் கடிகாரத்தை நாளைய தேதிக்குத் தள்ளி, ஏழாம் படுக்கைப் பக்கத்தை மட்டும் திறந்து மறுபடி சேமித்திருந்தேன். சிவப்பு எச்சரிக்கை ஏறுவதற்கு முந்தைய, இருப்பதிலேயே பழைய பக்கம், இருப்பதிலேயே புதியதாகிவிட்டது. அவர் பீற்றிக்கொள்ளப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.

"பாருங்க, ஏழாம் பெட்டுக்கு ஒத்துக்காத ஊசி, சிவப்புல எச்சரிக்கை," என்று அவர் கை நீட்டியபோது பழைய லேப்டாப்பில் நெட்டை இணைத்தேன். சிவப்பு மறைந்து, திரை வெள்ளை வெளேரென்று நின்றது. பார்க்க வந்திருந்த ஆஸ்பத்திரி முதலாளிகள் சிரித்தார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு உள்ளே தேர் ஓடியது.

அப்போதுதான் டியூட்டி மாறி வந்த நர்ஸக்கா, ஊசித் தட்டோடு என்னிடம் வந்தார்.

"பாப்பா, ஏழாம் பெட்டம்மாவுக்கு என்னமோ சிவப்புல இருந்த மாதிரி ஞாபகம். இப்ப இல்லையே?"

"ஸ்க்ரீன்ல இருக்கிறதுதான்க்கா சரி."

"நீ எழுதினதுதானே? நீ சொன்னா சரி."

எட்டு மாதத்தில் அந்த வார்த்தையைச் சொன்ன முதல் ஆள் அவர். அதைக் கேட்டுவிட்டு, 'இல்லைக்கா, தப்பு' என்று எந்த வாயால் சொல்வது? அவர் நடந்து போனதைப் பார்த்தேன். பதினெட்டு அடி இருக்கும். கூப்பிட்டால் கேட்கும்.

அந்த ஊசியைப் போட்டதற்காக ஸ்டேஷனில் உட்காரவைத்திருக்கும் அக்காவை விட்டுவிடுங்கள். அவர் மேல் குற்றமில்லை. என் வேலையிலும் குறை கிடையாது. லேப்டாப்பைத் திறந்து பாருங்கள் சார், நான் எழுதியது யாரையும் தொலைப்பதில்லை. அந்தப் பழைய பக்கத்தில் அந்த அம்மா இன்னும் நன்றாகத் தூங்கி எழுந்து, பசிக்கிறது என்கிறார்.