மூன்று விநாடிச் சிவப்பு

காலை ஏழே முக்காலுக்குள் அந்த நாற்சந்தியைத் தாண்டிவிட்டால் நல்லது. அதற்குப் பிறகு வண்டிகள் நத்தையாகத்தான் ஊரும்.

நாற்பது நாள் அங்கே நின்று வண்டிகளை எண்ணினேன். எந்தப் பக்கம் எத்தனை வருகின்றன, எவ்வளவு நேரம் நிற்கின்றன, எத்தனை வலப்புறம் திரும்புகின்றன. பிறகு சிக்னல் நேரங்களை மாற்றி ஒரு திட்டம் எழுதினேன். காத்திருப்பு பாதியாகக் குறையும்.

பதினோரு வருடமாக என் பக்கத்து மேசையில் இருந்தவன் அதைக் கூட்டத்தில் வாசித்தான். "நான் எண்ணினேன்" என்றான். கடைசிப் பக்கத்தில், வரைபட உதவி என்பதற்குக் கீழே என் பெயர் இருந்தது. தலைமைப் பொறியாளர் பதவி அவனுக்குப் போயிற்று.

"கோவமா மாப்ள? அங்கெல்லாம் வாயுள்ளவன் பேசினாத்தான் எடுபடும். அடுத்தது உன் பேர்லதான்."

"எனக்கென்ன கோவம்" என்றேன்.

சிக்னல் அட்டவணை போடும் வேலை என்னிடமே வந்தது. ஒரு பக்கம் சிவப்பு விழுந்ததும் மறுபக்கம் உடனே பச்சை வராது. மூன்று விநாடி எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும். நடுவில் இருக்கும் வண்டி வெளியேறுவதற்காக. வடக்குச் சாலை சரிவு. லாரிகள் நினைத்த இடத்தில் நிற்காது. அந்தப் பக்கத்துக்கு மட்டும் மூன்றை எடுத்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன்.

"ஒரு தடவ படிச்சுப் பாத்துடு."

"நீ போட்டத நான் படிக்கணுமாடா? கிண்டல் பண்றியா?"

கையெழுத்துப் போட்டான். நான் வாய்ப்புக் கொடுத்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எதிர்க் கட்டடத்தின் மாடி ஜன்னலில் தினமும் காலை ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். மயிரிழையில் தப்பிய வண்டிகளை எண்ணினேன். பத்து நாளில் ஒன்று மோதும் என்று கணக்கு வந்தது. ஒன்பதாம் நாள் மோதியது. பள்ளி வேன். மூன்று குழந்தைகள். நான் அலுவலகத்துக்குப் போனேன். பதினொரு மணிக்கு ஒரு கூட்டம் இருந்தது.

அவனைக் கைது செய்தீர்கள். அவன் மனைவி என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, சோறு தண்ணி இல்லாம கெடக்குறாரு. உங்கள விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?"

பார்க்கிறேன் என்றேன். அதோடு விட்டிருப்பேன்.

நேற்று அவன் எழுதிக்கொடுத்ததை நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். அட்டவணையைத் தானே தயாரித்ததாக எழுதியிருக்கிறான். பூஜ்யம் தன் கைத்தவறாம். எனக்கு ஒன்றுமே தெரியாதாம்.

"நீங்க தெரியாம பண்ணிட்டீங்கன்னு நெனச்சு, பழிய தன் மேல போட்டுக்கறாரு" என்றீர்கள்.

உங்களுக்கு அவனைத் தெரியாது. அந்தப் பூஜ்யத்தைப் போட்டவன் நான். யோசித்துத்தான் போட்டேன். இதையும் அவன் பெயருக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.