கடலைக் கடவாத விமானத்தின் கடலை அண்ணனுக்கு

வான வாசலில் வணக்கம் சொல்லி வரவேற்றவரே! குறுகிய நடைவழியில் குறையாத சிரிப்போடு நடந்தவரே! இருக்கை வார் விளக்கு அணைந்து மீண்டும் எரிவதற்குள் விமானம் முழுவதற்கும் வறுகடலை வழங்கி முடிக்கும் விரைந்த விரலினரே! தலைமைப் பணியாளர் என்று தாளில் இருந்தாலும், கடலை அண்ணன் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பவரே! கடலைக் கடவாத உள்நாட்டுத் தடத்தில் கடலையால் புகழ் கண்டவரே! பணி நிறைவு பெறும் இந்நாளில் தங்களைப் பாராட்ட வந்தோம். வந்த இடத்தில் ஒரு கேள்வியும் கேட்கப்போகிறோம், பொறுத்தருள்க!

கேள்வியின் நாயகரே!

ஏறியதும் இறங்கத் தொடங்கிவிடும் குட்டிப் பயணம் நம்முடையது. இதற்கு இலவசமாக ஒரு பொட்டலம் கடலை எதற்கு என்று கணக்குப் பிரிவினர் முணுமுணுத்தபோதெல்லாம், "நானும் அதத்தான் கேட்டுட்டிருக்கேன்" என்பீர்கள். உண்மையாகவே கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள். பொட்டலத்தை நீட்டும் கையோடு, "வீட்டுல தட்டு நிறைய வெச்சாலும் திரும்பிப் பாக்க மாட்டீங்க. இங்க மட்டும் ஏன் இவ்வளவு ஆசையா வாங்கறீங்க?" என்பீர்கள். வழக்கறிஞர் ஒருவர் நெடுநேரம் யோசித்து, "தெரியலைங்க. குடுக்கலேன்னா மட்டும் கோவம் வருது" என்றார். சம்பந்தி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியவரோ, "பசியெல்லாம் இல்லப்பா, கை சும்மா இருக்கு" என்றார். உயரே போனதும் பொட்டலம் உப்பிக்கொள்வதைக் காட்டி, "பதவி உயர்வு வந்த ஆளு மாதிரியே இருக்கு பாருங்க" என்று நீங்கள் சொல்ல, முன்வரிசையில் இருந்த நம் மேலாளர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதை யார் மறப்பார்? கடலை கொடுத்தவர் பலர். கொடுத்துக்கொண்டே கடலை போட்டவர் தாங்கள் ஒருவரே!

ஒரு சொல்லில் சிக்கியவரே!

அந்தப் பயணத்தை இங்கே சொல்லாமல் விட்டால் இந்த மடல் உப்பில்லாத கடலையாகிவிடும். விமானம் மேலேறும்போதே எழுந்து நின்றவர்களைப் பார்த்து, "எல்லாரும் உக்காருங்க, கொஞ்ச நேரத்துல கடலை பாக்கலாம்" என்றீர்கள். எல்லாரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்கள். பிரசவத்துக்குக் காத்திருந்த மகளைப் பார்க்க முதன்முதலாக விமானம் ஏறியிருந்த தையற்காரம்மா ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. சன்னலில் முகம் பதித்தவர் பதித்தபடி இருந்தார். கொடுத்த பொட்டலத்தையும் பிரிக்கவில்லை. இறங்கும்போது தங்கள் அருகில் நின்று, "கடல் எப்ப வந்துச்சு தம்பி? நான் கண்ண மூடவே இல்லையே. இந்த வயசு வரைக்கும் கடலப் பாத்ததில்ல, அதான் கேட்டேன்" என்றார்.

நம் தடத்தில் கடல் வராது என்று சொல்லத் தங்களுக்கு வாய் வரவில்லை. "திரும்பி வரும்போது வரும்மா" என்று சொல்லிவிட்டீர்கள். விளையாட்டாகச் சொன்ன சொல்லுக்குப் பொய்யால் ஒட்டுப் போட்டுவிட்டேனே என்று அன்று மாலை தேநீர் வேளையில் எங்களிடம் புலம்பினீர்கள். கடல் எங்காவது தெரியுமா என்று விமானியைப் பிடித்துத் துளைத்தீர்கள். "மழை விட்ட காலையில, கிழக்க சுத்தி இறங்கச் சொன்னாங்கன்னா, வலது பக்க ஓரத்துல நகக்கண் அளவு தெரியும்ணே. அதுவும் தெரிஞ்சாத்தான்" என்றார் அவர். அது போதும் என்றீர்கள்.

அதன்பின் ஒவ்வொரு திரும்பும் பயணத்திலும் வாசலில் நின்று அந்த அம்மாவை முகம் முகமாகத் தேடினீர்கள். ஒரு காலையில் அவர் வந்தார், பேத்தியைப் பிரிந்து வந்த கண்களோடு. வலப்பக்கச் சன்னலோரம் இருந்த விற்பனைப் பிரதிநிதியிடம் கெஞ்சிக் கூத்தாடி இடம் மாற்றினீர்கள். கிழக்கே சுற்றி இறங்கும்படி கட்டுப்பாட்டு அறையிலிருந்து உத்தரவும் வந்தது. நடைவழியில் குந்தி உட்கார்ந்து, "அதோம்மா, றெக்கைக்குக் கீழ, இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்" என்று நீங்கள் கைகாட்ட, என்ன ஏது என்று தெரியாமலே பாதி விமானம் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. இருக்கை வார் விளக்கு எரிந்தது, சக்கரம் இறங்கியது, தள்ளுவண்டி பூட்டியபடியே இருந்தது. தங்கள் பணிக்காலத்திலேயே ஒருவருக்கும் கடலை கிடைக்காத பயணம் அது ஒன்றுதான்.

புகார் வந்தது. விசாரணையில் தாங்கள் சொன்ன விளக்கம் இன்றும் எங்கள் ஓய்வறையில் உலா வருகிறது: "கடலக் காட்டிட்டிருந்தேன் சார், கடலைய மறந்துட்டேன்." சிரிப்பதா தண்டிப்பதா என்று தவித்த அதிகாரி இரண்டையும் செய்தார். கைக்கு எட்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது. பிறகு அது வந்தபோதும், உயரே போயும் உப்பாதவர் தாங்கள்!

அன்பின் அண்ணனே!

இப்போது எங்கள் கேள்வி. அன்று அந்தத் தையற்காரம்மாவிடம் "தெரியுதாம்மா?" என்று கேட்டீர்கள். "தெரியுது தம்பி, நல்லாத் தெரியுது" என்றார் அவர். ஆனால் தங்களுக்கும் சன்னலுக்கும் நடுவில் இருந்தது அவர் தலை. தாங்கள் பார்க்கவில்லை. அன்றுமுதல் தேநீர் வேளைதோறும் எங்களைக் கேட்கிறீர்கள்: "அவங்க நெஜமாவே பாத்தாங்களா? இல்ல, என் மூஞ்சியப் பாத்துட்டு பாவம்னு சொன்னாங்களா?" எங்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. சண்டை இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஆகவே பட்டாடையும் பரிசும் ஒருபுறம் இருக்கட்டும். நாளைக் காலை அண்ணியோடு தாங்கள் பயணியாக ஊர் திரும்பும் விமானத்தில், அதே வலப்பக்கச் சன்னல் தங்களுக்கு. மழை விட்டிருக்கிறது. கிழக்கே சுற்றி இறங்க அனுமதி கேட்பதாக விமானி வாக்குக் கொடுத்திருக்கிறார். குறுக்கே தலை நீட்டுவதில்லை என்று அண்ணியும் ஒப்புக்கொண்டுவிட்டார். கடலைப் பொட்டலம் இம்முறை நேரத்துக்கு வந்து சேரும், அதற்கு நாங்கள் பொறுப்பு.

நோயற்ற உடலும் நொடிதோறும் புதுக் கேள்வியும் பெற்று, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சூழத் தாங்கள் பல்லாண்டு வாழ்க! அதற்கு முன், நாளை இறங்கும்போது வாசலில் நாங்கள் நிற்போம். கடல் தெரிந்ததா, இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் அண்ணே. எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள்.

அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கும்,
தங்கள் விமானப் பணிக்குழுத் தம்பி தங்கையர்