மேட்டுக்குக் கீழே ஒரு வேகத்தடை

சாயங்காலம் ஆறரைதான். ஆனால் சாரல் மாதம். புளியறைக்குப் போகிற ரோட்டில் அதற்குள் ஆளுக்கு ஆள் முகம் தெரியாத இருட்டு... ஒரு கடை, ஒரு பல்பு. மற்றபடி மழைச் சத்தம்தான்.

கடை முத்துச்செல்வத்தினுடையது. பஞ்சர் ஒட்டுகிறவன், நம் தெரு இசக்கிக்குப் பெரியப்பா மகன். சிரிக்காதீர்கள், நிஜமாக நடந்ததுதான்... நம்பாவிட்டால் இசக்கியையே கேளுங்கள். கடையை ஒட்டி முத்துச்செல்வத்தின் பெண்டாட்டி மஞ்சு வடை போட்டு விற்றாள். போன கார்த்திகையில் நறுக்கிய வெங்காயத் தட்டோடு ரோட்டைக் கடந்தாள். மேட்டிலிருந்து இறங்கிய லாரி நிற்கவே இல்லை.

அவளுக்கு முன்னால் அதே இறக்கத்தில் நான்கு பேர் போயிருக்கிறார்கள்.

மகள் ஜெயபிரியா நாலாம் வகுப்பு. ஸ்கூல் வேன் எதிர்ப்பக்கம்தான் நிற்கும். தினமும் இரண்டு தடவை அந்தப் பிள்ளை ரோட்டைக் கடக்க வேண்டும். முத்துச்செல்வம் ஒரு வேகத்தடை கேட்டு ஹைவேஸ் ஆபீசில் மனுக் கொடுத்தான். ஹைவேயில் வேகத்தடை போடச் சட்டத்தில் இடமில்லை என்று பதில் வந்தது. சரி, ஆபத்தான இடம் என்றாவது அறிவியுங்கள் என்று மறுபடி கொடுத்தான். அதற்குச் சாவு எண்ணிக்கை போதாதாம்!

"இன்னும் எத்தன பேரு சாவணும்னு அதையும் எழுதிக் குடுத்துருங்க சார்!" என்று அவன் ஆபீசில் கத்திய கத்தலில்தான் ஓர் அதிகாரி நேரில் பார்க்கச் சம்மதித்தார். அதுவும் இதற்கென்று அல்ல, கேரள எல்லைச் செக்போஸ்ட் வரை வேறு வேலையாகப் போய்த் திரும்புகிற வழியில். அவ்வளவு அக்கறை.

அந்தச் சாயங்காலம் மேட்டிலிருந்து அவர் ஜீப் வேகமாக இறங்கியது...

தட்.

...தட்.

முன் சக்கரம், பின் சக்கரம். ஜீப் குலுங்கிக்கொண்டு கடைமுன் வந்து நின்றது. மழையில் இறங்க அதிகாரிக்கு மனசில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"என்ன வே, வெளையாடுதீரா? இங்கன ஏற்கெனவே ஸ்பீட் பிரேக்கர் கெடக்குல்லா!"

"சத்தியமா ஒண்ணும் கெடையாது சார். எறங்கிப் பாருங்க."

"என் இடுப்பு ஒடிஞ்சிட்டு, ஒண்ணும் கெடையாதுங்கீரே!"

ஃபைலில் எழுதிவிட்டார்: வேகத்தடை உள்ளது, மனு முடிக்கப்பட்டது. ஜீப் போய்விட்டது. எட்டு மாதம் நாயாய் அலைந்தது ஒரே வரியில் முடிந்தது.

முத்துச்செல்வம் ஆத்திரத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். வெளிச்சத்தில் தார் வழுவழுவென்று கிடந்தது. மேடுமில்லை, கல்லுமில்லை. ஆனால் மழையையும் மீறி ஒரு வாசனை... பச்சை வெங்காயம். அப்போதுதான் நறுக்கியது மாதிரி.

ஓர் எட்டு முன்னால் வைக்கப் போனான். கடை வாசலிலிருந்து ஜெயபிரியா கத்தினாள்.

"எப்பா, பாத்து! அம்மாவ மிதிச்சிராத!"

தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். மேட்டில் ஒரு லாரி இறங்க ஆரம்பித்திருந்தது...